கேலிச்சித்திரம்: சிரிப்பும் சிறையும்

தோட்டத்து லயங்களில் ஒருவர் நாளிதழை உரக்கப் படிக்க, மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்ட காலம் உண்டு. படிக்கத் தெரியாதவருக்கும் படம் புரிந்துவிடும். அரசியல் கேலிச்சித்திரத்தின் பலம் அதுதான். ஆட்சியாளர்களுக்கு அதன்மேல் கோபம் வருவதும் அதனால்தான்.

தமிழில் இதற்கு வழிகாட்டியவர் பாரதியார். 1906-இல் சென்னையில் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் ஆங்கிலேய ஆட்சியைச் சாடும் படங்கள் வந்தன. 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் எம்.எல்.ஏ.க்களையும் அமைச்சர்களையும் கிண்டலடித்த படத்துக்காக, ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டமன்றம் 3 மாதச் சிறை விதித்தது. எதிர்ப்பு கிளம்பவே சில நாளில் விடுதலையானார். பின்னர் உயர் நீதிமன்றம் அவருக்கு 1,000 ரூபாய் இழப்பீடு வழங்கச் சொன்னது. கதை அதோடு முடியவில்லை. 2025 பிப்ரவரியில், டிரம்ப் அருகே மோடி விலங்குடன் அமர்ந்திருக்கும் படத்துக்காக விகடன் இணையத்தளமே முடக்கப்பட்டது.

நம் நாட்டில் கேலிச்சித்திரம் என்றதும் பலருக்கும் லாட் நினைவுக்கு வருவார். மூவினத்தாரின் வாழ்க்கையையும் வரைந்தவர். தலைவர்களையும் விட்டுவைக்கவில்லை, ஆனால் கோடு மென்மையானது. ஸுனாரின் கோடு அப்படியல்ல. 2010 செப்டம்பரில் புத்தக வெளியீட்டு நாளிலேயே நிந்தனைச் சட்டத்தின்கீழ் கைதானார். அன்வார் வழக்கின் தீர்ப்பைச் சாடிய டுவிட்டர் பதிவுகளுக்காக 2015-இல் 9 குற்றச்சாட்டுகள்; ஆட்சி மாறிய பின் 2018 ஜூலையில்தான் கைவிடப்பட்டன. நஜிப்பைக் கோமாளியாக வரைந்த ஃபாமி ரேசாவுக்கு 2018-இல் ஒரு மாதச் சிறையும் 30,000 ரிங்கிட் அபராதமும். அபராதம் பிறகு குறைக்கப்பட்டது.

தமிழ் நாளிதழ்களும் இதில் தப்பவில்லை. 2007 ஆகஸ்டில் இயேசு கையில் சிகரெட்டுடன் இருப்பது போன்ற படம் வெளிவந்ததால் மக்கள் ஓசை ஒரு மாதம் நிறுத்தப்பட்டது. அது அரசியல் படமல்ல. பல கிறிஸ்தவர்களின் மனம் புண்பட்டதும் உண்மை. ஆனாலும் உரிமம் அமைச்சின் கையில் இருக்கும்போது ஆசிரியர் எந்தப் படத்தையும் இருமுறை யோசித்துத்தான் போடுவார்.

இனி இந்தப் படங்களுக்கு இடம் எங்கே? 1924-இல் பிறந்த தமிழ் நேசன் 2019-இல் நின்றது. அதே ஆண்டில் நியூயார்க் டைம்ஸ் தன் அனைத்துலகப் பதிப்பில் அரசியல் கேலிச்சித்திரங்களை நிறுத்தியது. தாளில் இடம் சுருங்க, படங்கள் கைப்பேசிக்குப் போய்விட்டன. அங்கே ஆசிரியரும் இல்லை, உரிமமும் தேவையில்லை. வழக்கு வந்தால் பின்னால் நிற்க ஒரு பத்திரிகையும் இல்லை. ஃபாமி தண்டிக்கப்பட்டது தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவின்கீழ். கிளேபாங்கில் உட்கார்ந்து படம் வரைந்து பதிவேற்றும் இளைஞருக்கும் அதே பிரிவுதான்.