டெங்கோ: ஜப்பானியர் எடுத்த பெரட்டு

தோட்டத்திலே பிறந்து வளர்ந்தவர்க்குப் பெரட்டு என்னும் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. விடியுமுன் களத்தில் வரிசையாக நின்று, கிராணி பெயர் கூப்பிடக் குரல் கொடுத்துப் பேர் பதிந்துகொள்வதே அது. ஜப்பானியர் தம் மொழியில் இவ்வாறு தலையெண்ணுவதை டெங்கோ என்பர். அந்தச் சொல்லையே பெயராக வைத்து, பி.பி.சி. நிறுவனமும் ஆஸ்திரேலிய ஒலிபரப்பு நிறுவனமும் கூடித் தயாரித்த யுத்த நாடகம் ஒன்று 1981 முதல் 1984 வரை முப்பது பகுதிகளாகத் தொலைக்காட்சியில் வந்தது. பின்னர் அது டி.வி.டி. தட்டுகளாகவும் வெளியாயிற்று. சிங்கப்பூரின் வீழ்ச்சியில் தொடங்கும் கதையாதலால், நம்மவர் வீடுகளில் அது பார்க்கப்பட வேண்டும் என்பது நமது எண்ணம்.

1942 பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அதற்கு முந்திய நாட்களில் கப்பலேறித் தப்ப முயன்ற மாதர் சிலர் பிடிபட்டுச் சுமத்திராவிலே சிறைமுகாமில் அடைபடுவதே கதை. படை அதிகாரியின் மனைவி, பெண் டாக்டர், டச்சுக் கன்னிகாஸ்திரீ, ஆஸ்திரேலியத் தாதி, யூரேசியப் பெண் ஆகிய இவர்கள், கிளப்புகளில் ஒரே மேசையில் உட்கார மாட்டாதவர்கள். முகாமிலோ அனைவருக்கும் ஒரே கஞ்சி. ஒரே வெயிலில் நின்று தலை குனிதல். சாதியும் அந்தஸ்தும் பசியின் முன் எத்தனை நாள் நிற்கும் என்பதை இந்நாடகம் அங்குலம் அங்குலமாகக் காட்டுகிறது. முகாம் தலைவன் யமவுச்சியாக நடித்த பர்ட் குவோக், அவனை வெறும் அரக்கனாக ஆக்கிவிடாமல், கடமையில் மாட்டிக்கொண்ட மனிதனாகவே நிறுத்தியிருக்கிறார். விடுதலைக்குப் பின் நடப்பதைச் சொல்லும் மூன்றாம் தொகுதியே நம்மை அதிகம் கவர்ந்தது. மூன்றரை ஆண்டு தம் காலில் நின்ற பெண்கள், பழைய வீட்டுக்குள்ளே மறுபடி அடங்க முடியாமல் தவிக்கிறார்கள்.

கதாபாத்திரங்கள் கற்பனை; அடிப்படை கற்பனையன்று. லவீனியா வார்னர் என்னும் பெண்மணி, பிரபலமானவர்களைச் சிறப்பிக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காகத் தகவல் திரட்டும்போது, மார்கட் டர்னர் என்ற இராணுவத் தாதியின் வரலாற்றை அறிந்தார். டர்னர் ஏறிவந்த ‘குவாலா’ என்ற கப்பல் குண்டுக்கு இரையாயிற்று. அடுத்து ஏறிய கப்பலும் மூழ்கியது. மிதவையில் கிடந்தவரைச் சுற்றி ஒவ்வொருவராக மாண்டனர். முகப்பவுடர் டப்பாவின் மூடியில் மழைத்துளி பிடித்துக் குடித்து உயிர் காத்தார். பிறகு மூன்றரை ஆண்டு சிறை. அதே பங்கா தீவின் கடற்கரையில் ஆஸ்திரேலியத் தாதியர் 22 பேரைக் கடலுக்குள் நடக்கவிட்டுச் சுட்டனர். விவியன் புல்விங்கல் ஒருவரே பிழைத்து, பின்னர் டோக்கியோ விசாரணையில் சாட்சி சொன்னார். பலெம்பாங் முகாமில் மார்கரெட் டிரைபர்கும் நோரா சேம்பர்சும் வாத்தியங்கள் இல்லாமலே வாத்திய இசையை ஞாபகத்திலிருந்து எழுதி, பெண்களின் குரலாலேயே பாடுவித்தார்கள். பாடியவர்களிற் பலர் மாண்டதனால் 1945-இல் அந்த இசை நின்றது. எழுதிய காகிதங்கள் மிஞ்சின.

காகிதம் மிஞ்சிற்று என்பதை நேயர்கள் சற்றுக் கவனிக்க வேண்டும். நாடகத்தில் ஆசியர்கள் பெரும்பாலும் ஓரத்திலேதான் நிற்கிறார்கள். அதை நாம் குற்றமாகச் சொல்லவில்லை. தம்மினத்து மாதர் பட்டதை அவர்கள் தேடிச் சொன்னார்கள், அவ்வளவே. நம்மவர் பட்டதை யார் தேடினார்கள்?

அதே ஜப்பானியர், அதே ஆண்டுகளில், மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவரைச் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். நல்ல சம்பளம், கொஞ்ச நாள் வேலை என்று ஆசை காட்டியும் அழைத்தார்கள், பிடித்தும் ஏற்றினார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அங்கே வேலை செய்த யுத்தக் கைதிகளில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர் மாண்டது ஏறக்குறைய தொண்ணூறாயிரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களில் மலாயாத் தமிழர் பெருந்தொகையினர். கைதிகளுக்கு அதிகாரிகள் உண்டு, டாக்டர்கள் உண்டு, இரகசியமாக இறந்தோர் பட்டியல் எழுதி வைத்தவர்கள் உண்டு. யுத்தம் முடிந்ததும் புதைகுழி தேடும் குழு பாதையோரம் போயிற்று. ஆகவேதான் காஞ்சனபுரி மயானத்தில் ஏறக்குறைய ஏழாயிரம் கைதிகளுக்குத் தனித்தனியே கல் நிற்கிறது. வாந்திபேதியில் விழுந்த நம் தொழிலாளிக்கோ, லாரியில் ஏறும்போது தலை எண்ணியவர்கள், குழியில் தள்ளும்போது எண்ணவில்லை. பேர் தெரியாத பிணத்துக்குக் கல் நடுவது எப்படி?

டர்னரின் கதையை, அவர் உயிரோடிருக்கும்போதே ஒருவர் வந்து கேட்டார். அதுவும் முப்பது ஆண்டுக்கு மேல் கழித்துத்தான். சயாமிலிருந்து மீண்டவர்களிற் பெரும்பாலோர் யாரும் கேளாமலே கண் மூடிவிட்டார்கள். அவர்கள் வாழ்ந்த லயங்களும் பல இடங்களில் இடிக்கப்பட்டு, தோட்டம் வீடமைப்பு நிலமாகிவிட்டது. நமக்கும் ஒரு நாடகம் எடுக்க எவரேனும் துணிந்தால், சயாமுக்குப் போகாத பெண்களிடமிருந்தே தொடங்கலாம் என்பது நமது யோசனை. கணவனை லாரியில் ஏற்றிவிட்டு, மரவள்ளிக்கிழங்கைத் தின்று, பிள்ளைகளோடு லயத்தில் காத்திருந்தவள் அவள். கடிதம் வரவில்லை, பிணமும் வரவில்லை, யுத்தம் முடிந்த பிறகும் ஒரு தகவலும் வரவில்லை. தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று கேட்க அவளுக்கு ஓர் ஆளும் இல்லை. ஆனால் லயத்துச் சனங்கள் அவளை மங்கல காரியங்களுக்குக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.