வாசிலி நாற்காலி: மறுபதிப்பில் கிடைத்த பெயர்

வாசிலி நாற்காலி என்பது அங்கேரியில் பிறந்த வடிவமைப்பாளரும் கட்டடக் கலைஞருமான மார்செல் பிராயர் (1902–1981) 1925-ஆம் ஆண்டில் உருவாக்கிய கைவைத்த நாற்காலி ஆகும். வளைத்த எஃகுக் குழாய்களைக் கொண்டு வீட்டுப் பயன்பாட்டுக்கென அமைந்த நாற்காலிகளுள் இது முன்னோடி. இதன் முதற்பெயர் பி3. இன்று வழங்கும் பெயர், நாற்காலி பிறந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து இத்தாலியில் இது மறுபதிப்புச் செய்யப்பட்டபோது சூட்டப்பட்டது.

மறுபதிப்பு என்ற சொல்லை நாம் நூல்களுக்கே பயன்படுத்திப் பழகியவர்கள். அறைகலன் உலகிலும் அது உண்டு. உற்பத்தி நின்றுபோன ஒரு வடிவத்தை, உரிமை பெற்ற நிறுவனம் மீண்டும் செய்து விற்பதை அவ்வாறு குறிப்பிடுகிறார்கள்.

தோற்றம்

வால்டர் குரோப்பியஸ் 1919-இல் செருமனியின் வைமர் நகரில் பௌஹவுஸ் கலைப்பள்ளியைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே பிராயர் அங்கு மாணவராகச் சேர்ந்தார். பள்ளி 1925-இல் டெசாவ் நகருக்கு இடம்பெயர்ந்தபோது அவர் அதன் மரவேலைப் பட்டறைக்குத் தலைவரானார். மரவேலைக்குப் பொறுப்பேற்றவர் இரும்பின் பக்கம் திரும்பியதற்குக் காரணம் ஒரு மிதிவண்டி. அந்நாளில் அவர் 'ஆட்லர்' மிதிவண்டி ஒன்றை வாங்கி ஓட்டினார். அதன் கைப்பிடி மெல்லிய குழாய்தான். விரும்பியபடி வளைந்திருந்தது, ஆனால் ஆளின் பாரத்தைத் தாங்கியது. இதே குழாயில் நாற்காலி செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. மிதிவண்டி நிறுவனம் இதில் ஆர்வம் காட்டவில்லை. பிறகு அவரே எஃகுக் குழாய்களை வாங்கி, குழாய் வேலை தெரிந்த ஒருவரின் துணையோடு முதல் நாற்காலியைச் செய்தார்.

அமைப்பு

அக்காலத்து மெத்தை நாற்காலி கனமானது. மரச்சட்டம், சுருள்வில், பஞ்சு, மேலுறை என உள்ளிருப்பதெல்லாம் மறைந்திருக்கும். பிராயர் இவை அனைத்தையும் நீக்கிவிட்டு, அந்த நாற்காலியின் கோடுகளை மட்டும் குழாயில் வரைந்தது போலச் செய்தார். இருக்கை, முதுகு, கை ஆகிய இடங்களில் இழுத்துக் கட்டிய துணிப்பட்டைகள் மட்டுமே. உட்காருபவரின் உடல் உலோகத்தில் படாமல் துணியில் தொங்கி நிற்கும். நம் வீட்டுத் திண்ணைகளில் கிடந்த துணிச் சாய்வு நாற்காலியில் அமர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பட்டைக்குப் பயன்பட்ட துணியின் செருமானியப் பெயருக்கு 'இரும்பு நூல்' என்று பொருள். அதில் இரும்பு இல்லை. மெழுகேற்றி உறுதியாக்கிய பருத்தி நூல் அது. முதல் வடிவத்தில் நான்கு தனித்தனிக் கால்கள் இருந்தன. பின்னர் அவை தரையோடு கிடக்கும் சறுக்குக் குழாய்களாக மாறின.

பெயரும் மறுபதிப்பும்

ஓவியர் வாசிலி கண்டின்ஸ்கி அப்போது பௌஹவுசில் ஆசிரியர். அவர் இந்த நாற்காலியைப் பாராட்டவே, பிராயர் ஒன்றை அவருடைய டெசாவ் வீட்டுக்குச் செய்துகொடுத்தார். கண்டின்ஸ்கிக்காகவே நாற்காலி வடிவமைக்கப்பட்டது என்று பல இடங்களில் எழுதப்படுவது சரியன்று.

நாசிகள் ஆட்சிக்கு வந்த 1933-இல் பௌஹவுஸ் மூடப்பட்டது. பிராயர் இலண்டன் வழியாக அமெரிக்கா சென்று கட்டடக் கலைஞராகப் புகழ்பெற்றார். நாற்காலியை ஏறக்குறைய எல்லோரும் மறந்தனர். 1960களின் தொடக்கத்தில் பொலோனா நகர அறைகலன் தயாரிப்பாளர் டினோ காவினா, பிராயரின் இசைவுடன் அதை மீண்டும் செய்யத் தொடங்கினார். கண்டின்ஸ்கி பற்றிய செய்தியை அறிந்து 'வாசிலி' என்று பெயரிட்டவரும் அவரே. 1968-இல் அமெரிக்காவின் நோல் நிறுவனம் காவினாவின் நிறுவனத்தை வாங்கியது. அதன்பின் நாற்காலி நோலின் தயாரிப்பானது.

பௌஹவுசின் நூற்றாண்டான 2019-இல் நோல் இதன் சிறப்புப் பதிப்பை வரையறுத்த எண்ணிக்கையில் வெளியிட்டது. இங்கேதான் ஒரு முரண் எழுகிறது. இயந்திரத்தில் பெருமளவில் செய்யக்கூடிய பொருளை எல்லா வீட்டுக்கும் கொண்டுசேர்ப்பது பௌஹவுசின் நோக்கங்களுள் ஒன்று. குழாயைத் தேர்ந்ததற்கும் அதுவே நியாயம். அப்படிப்பட்ட நாற்காலியை 'இத்தனை மட்டுமே' என்று எண்ணி விற்பது, என் பார்வையில், அதன் பிறப்புக்கே எதிரானது. இருந்தாலும், பி3 1920களிலும் எளியவர் வீட்டுக்கு வந்ததில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சிறு அளவிலேயே அது விற்றது. எளியவரிடம் வந்தவை அதன் வழியில் தோன்றிய பெயரற்ற குழாய் நாற்காலிகள்தாம். நம் ஊர்ப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இருப்பவை அவையே. மறுபதிப்பு நிகழாவிட்டால், இவற்றின் மூதாதையை அருங்காட்சியகத்துக்கு வெளியே பார்த்திருக்க வழியில்லை.

பழையதையும் புதியதையும் பிரித்தறிவது கடினமன்று. 1926 அளவில் எரிக் கொன்செமுல்லர் எடுத்த புகழ்பெற்ற ஒளிப்படத்தில், ஆஸ்கர் ஷ்லெம்மர் செய்த முகமூடி அணிந்த பெண் ஒருவர் பி3-இல் அமர்ந்திருக்கிறார். அதில் காண்பது துணிப்பட்டை. கறுப்புத் தோல் பட்டையும் குரோமியப் பளபளப்புமாக நாம் படங்களில் பெரிதும் காண்பது மறுபதிப்பு. நோல் செய்யும் நாற்காலிகளின் அடிக்குழாயில் நிறுவன முத்திரையுடன் பிராயரின் கையொப்பமும் பொறிக்கப்பட்டிருக்கும்.