மின் அடுப்பில் பாத்திரங்களைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துதல்

விறகு அடுப்பிலும் எரிவாயு அடுப்பிலும் நெருப்பு கண்ணுக்குத் தெரியும். அதுவே ஓர் எச்சரிக்கை. மின் அடுப்பில் சுடர் இல்லை. அடுப்பை நிறுத்திய பின்னரும் அதன் மேற்பரப்பும் பாத்திரமும் சில நிமிடங்கள் தோலைச் சுடும் வெப்பத்துடன் இருக்கும். ஆகவே, கண்ணுக்குத் தெரியாத இவ்வெப்பத்தைக் கருத்தில் கொண்டே பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கவும் கையாளவும் வேண்டும். நீரிழிவு நோயாளிகள், முதியோர், இதயக் கருவி பொருத்தப்பட்டோர் ஆகியோருக்கு இது மேலும் முக்கியமானது.

அடுப்பின் வகைகள்

சுருள் அடுப்பு: மின்சாரம் பாயும் கம்பிச் சுருள் சூடாகி, பாத்திரத்தைச் சூடாக்கும். சுருள் மூடப்படாமல் வெளியே தெரியும் பழைய அடுப்புகளில், உலோகப் பாத்திரமோ கரண்டியோ கம்பியைத் தொட்டால் மின் அதிர்ச்சி ஏற்படக்கூடும். இவ்வகை அடுப்பைத் தவிர்ப்பதே நல்லது. பயன்படுத்த நேர்ந்தால், மின் இணைப்பைத் துண்டித்த பின்னரே பாத்திரத்தை வைக்கவும், கிளறவும், இறக்கவும் வேண்டும்.

அகச்சிவப்பு அடுப்பு: கண்ணாடித் தட்டின் அடியிலுள்ள சுருள் சூடாகித் தட்டையும் பாத்திரத்தையும் சூடாக்கும். தட்டு ஆறுவதற்கு நீண்ட நேரம் பிடிக்கும்.

இண்டக்‌ஷன் அடுப்பு: காந்தப்புலத்தின் மூலம் பாத்திரத்தின் அடிப்பகுதியிலேயே வெப்பம் உண்டாகிறது. பாத்திரத்தின் சூட்டால் அதன் கீழுள்ள கண்ணாடியும் சுடும்.

பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தல்

• இண்டக்‌ஷன் அடுப்பிற்கு இரும்புப் பாத்திரமும், காந்தம் ஒட்டும் எவர்சில்வர் பாத்திரமும் ஏற்றவை. பாத்திரத்தின் அடியில் ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பார்த்து இதனை அறியலாம்.
• சாதாரண அலுமினியம், செம்பு, மண், கண்ணாடிப் பாத்திரங்கள் இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாவதில்லை.
• அடிப்பகுதி தட்டையாக இருத்தல் வேண்டும். அடி உப்பிய குக்கரும், உருண்டை அடி கொண்ட வாணலியும் வழுக்கிச் சாயக்கூடும்.
• கைப்பிடி தளர்ந்த பாத்திரங்களைப் பழுது நீக்கிய பின்னரே பயன்படுத்தவும்.

சமைக்கும்போது கவனிக்க வேண்டியவை

• பாத்திரத்தின் அடியில் உள்ள ஈரத்தைத் துடைத்து, அடுப்பின் நடுவில் வைக்கவும். கைப்பிடியை உட்புறமாகத் திருப்பி வைக்கவும்.
• வெற்றுப் பாத்திரத்தைச் சூடாக்க வேண்டாம். ஒட்டாப் பூச்சுள்ள தோசைக்கல் இண்டக்‌ஷன் அடுப்பில் மிக விரைவாகச் சூடேறும். ஏறத்தாழ 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் அப்பூச்சு சிதையத் தொடங்கும். சூடு மேலும் ஏறினால் நுரையீரலுக்குத் தீங்கு தரும் புகை வெளியேறும்.
• எண்ணெய் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மின் இணைப்பைத் துண்டித்து, மூடி அல்லது தட்டால் பாத்திரத்தை மூடவும். எரியும் பாத்திரத்தைத் தூக்கிச் செல்ல வேண்டாம்.
• கண்ணாடித் தட்டில் விரிசல் இருந்தால் அடுப்பைப் பயன்படுத்த வேண்டாம். விரிசல் வழியே நீர் இறங்கி மின் அதிர்ச்சி ஏற்படலாம்.
• 2000 வாட் அடுப்பு ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்சாரத்தை எடுக்கும். எனவே, 6 ஆம்பியர் சாக்கெட்டும் நீட்டிப்புப் பெட்டியும் பொருந்தா. எர்த் இணைப்புள்ள 16 ஆம்பியர் சாக்கெட்டையே பயன்படுத்தவும்.

கூடுதல் கவனம் தேவைப்படுவோர்

நீரிழிவு நோயாளிகள்: நரம்புப் பாதிப்பினால் கை, கால்களில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சூடு பட்டதே தெரியாமல் புண் ஆழமாகிவிடக்கூடும். தொட்டுப் பார்த்துச் சூட்டை அறிய முயல வேண்டாம். எப்போதும் பிடிதுணி அல்லது இடுக்கியைப் பயன்படுத்தவும். கஞ்சியோ வெந்நீரோ சிந்தினால், வலி இல்லாவிட்டாலும் பாதங்களைக் கண்ணால் பார்த்துச் சோதிக்கவும்.

பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டோர்: இயங்கும் இண்டக்‌ஷன் அடுப்பிற்கும் மார்பிலுள்ள கருவிக்கும் இடையே குறைந்தது 60 செ.மீ., அதாவது இரண்டு அடி, இடைவெளி இருத்தல் வேண்டும். அடுப்பின் மீது குனிய வேண்டாம். பாத்திரம் சிறியதாகவோ நடுவிலிருந்து விலகியோ இருந்தால் காந்தப்புலம் வெளியே கூடுதலாகக் கசியும். தலைச்சுற்றலோ படபடப்போ தோன்றினால் உடனே விலகிச் செல்லவும். அடுப்பை வாங்குமுன் இதய மருத்துவரின் ஆலோசனையைப் பெறவும்.

வலிப்பு நோய் உள்ளோர்: தனியாக இருக்கும்போது சமைப்பதைத் தவிர்க்கவும். கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கிச் செல்லாமல், தட்டைப் பாத்திரத்தின் அருகே கொண்டு வந்து பரிமாறவும்.

குழந்தைகள்: அடுப்பைத் தரையில் வைக்க வேண்டாம். மின்கம்பி குழந்தையின் கைக்கு எட்டும்படி தொங்கக் கூடாது.

தீக்காயத்திற்கான முதலுதவி

1. காயத்தை ஓடும் குளிர்ந்த குழாய் நீரில் 20 நிமிடங்கள் காட்டவும். பனிக்கட்டி வைக்கக் கூடாது.
2. வீக்கம் தோன்றுமுன் மோதிரம், வளையல் ஆகியவற்றைக் கழற்றவும். தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்க வேண்டாம்.
3. பற்பசை, மை, மஞ்சள், எண்ணெய் எதனையும் தடவக் கூடாது. கொப்புளங்களை உடைக்க வேண்டாம்.
4. சுத்தமான துணியால் தளர்வாக மூடவும்.

மின் அதிர்ச்சிக்கு உள்ளானவரை, மெயின் சுவிட்சை நிறுத்திய பின்னரே தொட வேண்டும்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

காயம் நோயாளியின் உள்ளங்கையைவிடப் பெரிதாக இருத்தல், முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் காயம், தோல் வெளுத்தோ கருகியோ இருத்தல், குழந்தைகள், முதியோர், கர்ப்பிணிகள், நீரிழிவு நோயாளிகள் ஆகியோருக்கு ஏற்பட்ட எந்தத் தீக்காயமும், மின் அதிர்ச்சி. மின்சாரத்தால் நேர்ந்த காயம் வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளுறுப்புகளைப் பாதித்திருக்கக்கூடும். அவசர ஊர்திக்கு 108 என்ற எண்ணை அழைக்கவும்.