தொலைவிலிருந்து ஒரு குழுவை நடத்துதல்: ராஃபிள்ஸும் ஃபார்குவாரும் (1819–1823)



தலைவர் ஓரிடத்தில், குழு வேறிடத்தில். இது இணையம் வந்த பிறகு முளைத்த சிக்கல் என்று பலர் நினைக்கிறோம். 1819இல் சிங்கப்பூரிலும் இதே சிக்கல்தான். தேர்வுக்குப் படிக்கும் பாடத்தையே இந்தக் கோணத்தில் ஒருமுறை பாருங்களேன்.

பின்னணி

1819 பிப்ரவரி 6ஆம் தேதி சுல்தான் ஹுசேனுடனும் தெமெங்கோங் அப்துல் ரஹ்மானுடனும் ராஃபிள்ஸ் ஒப்பந்தம் செய்தார். மறுநாளே கப்பலேறிவிட்டார். பொறுப்பு மேஜர் வில்லியம் ஃபார்குவார் கைக்கு வந்தது. மலாக்காவில் பல ஆண்டுகள் ரெசிடெண்டாக இருந்தவர் அவர். மலாய் மொழி நன்றாகத் தெரியும்.

ராஃபிள்ஸ் அப்போது சுமத்ராவின் மேற்குக் கரையிலுள்ள பென்கூலனுக்குத் துணை ஆளுநர். மே மாத இறுதியில் திரும்பி வந்து சில வாரங்கள் தங்கினார். நாராயண பிள்ளை பினாங்கிலிருந்து வந்தது அந்தப் பயணத்தில்தான். அதன்பின் ராஃபிள்ஸ் சிங்கப்பூரில் கால் வைத்தது 1822 அக்டோபரில். இடையில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன!

கட்டளை இருந்தது, காசு இல்லை

ராஃபிள்ஸ் விட்டுச்சென்ற கட்டளைகள் தெளிவானவை. துறைமுகத்தில் சுங்க வரி கூடாது. ஆற்றின் வடகரையிலுள்ள நிலத்தை அரசாங்கத்துக்கு ஒதுக்க வேண்டும். செலவைச் சுருக்க வேண்டும்.

கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. வரி இல்லை என்றால் காவலர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? கடிதம் எழுதிக் கேட்டால் பதில் வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை ஊர் காத்திருக்குமா?

ஃபார்குவார் தாமே முடிவெடுத்தார். 1820இல் அபின், சாராயம், சூதாட்டம் ஆகியவற்றுக்கு ஏல முறையில் உரிமம் கொடுத்து வருமானம் தேடினார். தென்கரை சதுப்பு நிலம் என்பதால், வணிகர்கள் வடகரையில் கட்டடம் எழுப்ப இடம் கொடுத்தார். மலாக்காவில் தமக்கிருந்த பழக்கத்தை வைத்து மக்களையும் வணிகர்களையும் இங்கே வரவழைத்தார். 1824 ஜனவரிக் கணக்கெடுப்பில் மக்கள்தொகை 10,000-ஐத் தாண்டியிருந்தது.

மோதல்

திரும்பி வந்த ராஃபிள்ஸ் கண்ணில் முதலில் பட்டது கட்டளை மீறல்தான். வடகரை வணிகர்களை இடம் மாற்றினார். ஒரு குன்றைத் தகர்த்து, அந்த மண்ணைக் கொண்டு தென்கரைச் சதுப்பை மேடாக்கினார். இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ் அப்படி உருவானது. சூதாட்டத்தையும் தடைசெய்தார். 1823 மே மாதம் ஃபார்குவாரின் பதவி பறிபோனது. இங்கிலாந்து திரும்பிய பிறகு அவர் கம்பெனி இயக்குநர்களிடம் முறையிட்டும் பதவி கிடைக்கவில்லை. ஆனால், அவர் புறப்பட்ட நாளில் ஊர் மக்கள் திரண்டு வந்து வழியனுப்பினார்கள்.

தேர்வில் எப்படி எழுதலாம்?

"ராஃபிள்ஸ் சரி, ஃபார்குவார் தவறு" என்று ஒரே வரியில் முடிச்சிடாதீங்க. இரண்டு பக்கமும் எழுதுங்கள். சூதாட்டமும் அபினும் மக்களைக் கெடுத்தன. ராஃபிள்ஸின் நகரத் திட்டம் நீண்ட நாள் பலன் தந்தது. அதே நேரத்தில், அந்த மூன்று ஆண்டுகளும் ஊர் தழைத்தது அங்கேயே இருந்து உழைத்தவரால்தான். பிறகு உங்கள் முடிவைக் காரணத்தோடு சொல்லுங்கள்.

ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. இணையவழிக் குழுப்பணி கொடுக்கும்போது மூன்றைக் கவனியுங்கள்: செய்ய வேண்டியது என்ன, அதற்குத் தேவையான வசதி கையில் இருக்கிறதா, இடையில் எந்த நாளில் பேசிக்கொள்வது. முதலாவதை மட்டும் சொல்லிவிட்டுக் கடைசி நாளில் வந்து கோபப்பட்டால், வேலை நடந்திருக்கும், உறவு முறிந்திருக்கும்.

சிந்திக்க: ஃபார்குவார் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால், 1820இல் பணத்துக்கு வேறு என்ன வழி தேடியிருப்பீர்கள்? வகுப்பில் விவாதியுங்கள்.