கேட்கும் நீதிபதியும் விளக்கும் நீதிமன்றமும்: ஐரோப்பிய ஒன்றிய நீதியமைப்பின் அடித்தளம்

லக்சம்பர்க்கில் அமைந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்தை, உறுப்பு நாடுகளின் உச்ச நீதிமன்றங்களுக்கு மேலே அமர்ந்த மேல்முறையீட்டு மன்றமாகக் கருதுவோர் பலர். அது பிழை. பாரிஸிலோ ரோமிலோ வழக்கில் தோற்றவர் லக்சம்பர்க்குக்கு மேல்முறையீடு செய்ய முடியாது. (மனித உரிமை வழக்குகளை விசாரிக்கும் ஸ்ட்ராஸ்பூர் நீதிமன்றம் ஒன்றியத்தைச் சாராத வேறோர் அமைப்பு.) உறுப்பு நாட்டு நீதிபதிகளையே தன் நீதிபதிகளாக ஆக்கிக்கொண்டதுதான் லக்சம்பர்க்கின் வலிமை, அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

1952இல் நிலக்கரி, எஃகுச் சமூகத்துக்காகத் தோன்றிய இவ்வமைப்பில் இன்று இரண்டு மன்றங்கள் உள்ளன. நீதிமன்றத்தில் நாட்டுக்கு ஒருவராக 27 நீதிபதிகளும் 11 அட்வகேட் ஜெனரல்களும் உண்டு. பொது நீதிமன்றத்தில் நாட்டுக்கு இருவராக 54 நீதிபதிகள். இங்கே அட்வகேட் ஜெனரல் எந்த அரசுக்காகவும் வாதாடுபவர் அல்லர். தீர்ப்புக்கு முன் தம் கருத்தைத் தம் பெயரிலேயே வெளியிடுவார். அது நீதிபதிகளைக் கட்டுப்படுத்தாது. நீதிபதிகளோ மூடிய அறையில் பிரெஞ்சு மொழியில் கலந்தாய்ந்து, மாறுபட்ட தீர்ப்புக்கு இடமின்றி ஒரே தீர்ப்பாக வழங்குகின்றனர். மாறுபட்ட தீர்ப்புகளையும் படித்துச் சட்டம் பயின்ற நமக்கு இது உறுத்தலாம். ஆனால் பதவிக்காலம் ஆறே ஆண்டு. மறுநியமனத்துக்குத் தம் அரசையே எதிர்பார்க்க வேண்டும். அப்படிப்பட்டவர் எந்தப் பக்கம் நின்றார் என்பது வெளியே தெரியாதிருப்பது அவருக்குக் காப்பு.

இவ்வமைப்பின் உயிர்நாடி, ஒன்றியச் செயற்பாட்டு ஒப்பந்தத்தின் 267ஆம் பிரிவு. உறுப்பு நாட்டின் எந்த நீதிமன்றமும், ஒன்றியச் சட்டத்தில் ஐயம் எழுந்தால் வழக்கை நிறுத்திவைத்து லக்சம்பர்க்கிடம் விளக்கம் கேட்கலாம். இறுதிநிலை நீதிமன்றம், சில விலக்குகள் நீங்கலாக, கேட்டே ஆக வேண்டும். லக்சம்பர்க் சட்டத்தை விளக்கும். வழக்கை முடிப்பவர் கேட்ட நீதிபதிதான். 2024 அக்டோபர் முதல் மதிப்புக்கூட்டு வரி, சுங்கம், பயணிகள் இழப்பீடு உள்ளிட்ட ஆறு துறைகளின் வினாக்கள் பொது நீதிமன்றத்துக்கு மாற்றப்படுகின்றன.

ஒன்றியச் சட்டத்தின் இரு தூண்களும் இப்படி வந்த வினாக்களால் எழுந்தவையே. ஜெர்மனியிலிருந்து இறக்குமதியான ஒரு வேதிப்பொருளுக்கு நெதர்லாந்து 3 விழுக்காட்டுக்குப் பதில் 8 விழுக்காடு தீர்வை கேட்டது. அந்த வான் ஹெண்ட் என் லோஸ் வழக்கில்தான், ஒப்பந்தத்தைத் தனிமனிதரும் நேரடியாகத் தம் நாட்டு நீதிமன்றத்தில் சுட்டலாம் என்று 1963இல் தீர்ப்பானது. அடுத்த ஆண்டு, இரண்டாயிரம் லிராவுக்கும் குறைவான ஒரு மின்கட்டணத் தகராற்றில் மிலானின் கீழ்நிலை நீதிபதி ஒருவர் கேட்ட வினாவால், தேசியச் சட்டத்துக்கு மேல் ஒன்றியச் சட்டம் என்ற கோட்பாடு பிறந்தது. எந்த அரசும் இவற்றைக் கேட்டிருக்காது.

இத்தகைய வினாக்கள் இல்லாமலே ஐரோப்பிய ஆணையம் வழக்குத் தொடுத்துத் தண்டம் வாங்கித் தரலாமே என்று மறுக்கலாம். நீதிபதிகள் மீதான ஒழுங்கு நடவடிக்கை மன்றத்தை நிறுத்திவைக்காததற்காக, 2021 அக்டோபரில் போலந்துக்கு நாளொன்றுக்குப் பத்து லட்சம் யூரோ விதிக்கப்பட்டது. போலந்து கட்டவில்லை, அதற்குரிய ஒன்றிய நிதியிலிருந்து ஆணையம் பிடித்துக்கொண்டது. தண்டம் கருவூலத்தைத் தொடும். உறுப்பு நாட்டு நீதிமன்றத்தின் அன்றாட விசாரணைக்குள் அது நுழையாது. 2020 மே மாதம் ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம், ஐரோப்பிய மத்திய வங்கியின் கடன்பத்திரக் கொள்முதல் பற்றிய லக்சம்பர்க் தீர்ப்பை அதிகார மீறல் என்று ஒதுக்கியபோது, அந்த ஜெர்மன் முடிவை ரத்து செய்யும் வழி எதுவும் லக்சம்பர்க்கிடம் இல்லை.

ஆகவே லக்சம்பர்க்கை முடக்க விரும்பும் அரசு, அதன் தீர்ப்பை எதிர்க்கத் தேவையில்லை. வினாவைத் தடுத்தால் போதும். ஹங்கேரியில் அதுதான் முயலப்பட்டது. மொழிபெயர்ப்பாளரின் தரம் குறித்துப் புடாபெஸ்டின் குற்றவியல் நீதிபதி ஒருவர் அனுப்பிய வினாவை, 2019இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சட்டவிரோதமானது என்றது. அவர்மீது ஒழுங்கு நடவடிக்கையும் தொடங்கி, பின் கைவிடப்பட்டது. 2021 நவம்பரில் லக்சம்பர்க்கின் பேரமர்வு, இவை இரண்டுமே ஒன்றியச் சட்டத்துக்கு முரண் என்றது; கீழ்நிலை நீதிபதி தம் உச்ச நீதிமன்றத்தின் அந்த முடிவைப் புறக்கணிக்க வேண்டும் என்றும் கூறியது. சரியான தீர்ப்பு. ஆனால் அதைச் செயற்படுத்த வேண்டியவரும் அதே கீழ்நிலை நீதிபதிதான்.