அலை சொன்ன ஆழம்

கடற்கரை மணலில் அமர்ந்து அலைகளை வேடிக்கை பார்த்திருப்பீர்கள். தொலைவில் தாழ்ந்து நீண்டு வரும் அலை, கரையை நெருங்கியதும் நிமிர்ந்து உடைகிறதே, ஏன்? 1942-இல் இக்கேள்வியின் விடையைப் பல்லாயிரம் போர்வீரர்களின் உயிர் நம்பியிருந்தது.

அது இரண்டாம் உலகப் போர்க்காலம். வட ஆப்பிரிக்காவின் அட்லாண்டிக் கரையில் படைகளை இறக்க நேச நாடுகள் திட்டமிட்டிருந்தன. அதற்காக அமெரிக்காவின் கரோலினா கரையில் நடந்த ஒத்திகையைக் கவனித்தார், வால்ட்டர் மங்க் என்ற 24 வயது இளைஞர். அலைகள் சுமார் 5 அடியைத் தாண்டினால் படகுகள் பக்கவாட்டில் திரும்பின, நீர் புகுந்தது, ஒத்திகையே நின்றது. ஆப்பிரிக்கக் கரையிலோ குளிர்காலத்தில் அலைகள் பெரும்பாலும் அதைவிட உயரமானவை!

மங்க் தம் ஆசிரியரான நார்வே நாட்டுக் கடலியல் அறிஞர் ஹெரால்டு ஸ்வெர்ட்ரூப்பை நாடினார். காற்றின் வேகம், அது வீசும் நேரம், வீசும் கடற்பரப்பின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு கரையில் எழும் அலையின் உயரத்தை முன்கூட்டியே கணிக்கும் முறையை இருவரும் உருவாக்கினர்.

அதன் கடைசிக் கட்டம்தான் நம் கேள்வி. 10 விநாடிக்கு ஒன்றாக வரும் அலைகளை எடுத்துக்கொள்வோம். ஆழ்கடலில் இவற்றின் அலைநீளம் சுமார் 156 மீட்டர். வேகம் விநாடிக்கு 15.6 மீட்டர். ஆழம் அலைநீளத்தில் பாதிக்கும் கீழே குறைந்ததும் அலை தரையை 'உணர'த் தொடங்குகிறது. ஆழம் மிகக் குறைந்த இடத்தில் அதன் வேகம், ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் கிடைக்கும். 2.5 மீட்டர் ஆழத்தில் வேகம் ஏறக்குறைய 5 மீட்டர்தான். ஆனால் அலைவு நேரம் மாறுவதில்லை. எனவே அலைநீளம் 50 மீட்டராகச் சுருங்குகிறது. பின்னிருந்து வரும் ஆற்றல் குறுகிய இடத்தில் நெருங்கிச் சேர்வதால் அலை உயர்கிறது. ஆழம் அலையின் உயரத்தைப்போல் சுமார் 1.3 மடங்காகும்போது முகடு நிலைகுலைந்து உடைகிறது. சரிவு குறைந்த கரையில் இது வெகு தூரத்திலேயே தொடங்குவதால், படகுகள் கடக்க வேண்டிய நுரைப்பகுதியும் அகலமாகிறது.

இதே விதி தலைகீழாகவும் பயன்பட்டது. எதிரியின் வசமிருந்த பிரான்சின் நார்மண்டிக் கரையில் நூலிட்டு ஆழம் பார்க்க முடியுமா? விமானங்களிலிருந்து குறித்த இடைவெளியில் படங்கள் எடுத்தார்கள். முகடு நகர்ந்த தூரம் வேகத்தைத் தந்தது. வேகம் ஆழத்தைத் தந்தது. கரைச்சரிவு தெரிந்ததால், படகுகள் எங்கே தரைதட்டும் என்பதும் தெரிந்தது.

1944 ஜூன் 5 அன்று நடக்கவிருந்த தரையிறக்கம், மோசமான வானிலையால் ஒருநாள் தள்ளிவைக்கப்பட்டு ஜூன் 6-இல் நடந்தது. அன்றும் கடல் அமைதியாக இல்லை. ஆயினும் தரையிறங்குவது கடினமே தவிர இயலாததன்று என்பதே அலைக் கணிப்பாளர்களின் முடிவு.

அடுத்த முறை கடற்கரைக்குச் செல்லும்போது, அலை முதலில் உடையும் இடத்தைப் பாருங்கள். ஒரு மீட்டர் உயர அலை என்றால் அங்கே ஆழம் சுமார் 1.3 மீட்டர். காலை நனைக்காமலே கடலை அளந்துவிட்டீர்கள் அல்லவா?