ஒருங்கிணைந்த சுற்றுச்சூழல் அனுமதி: தொழிற்சாலைக்கு அருகில் வசிக்கும் நோயாளிகள் அறிய வேண்டியவை

தொழிற்சாலைப் புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடு, ஆஸ்துமா உள்ளவர்களின் மூச்சுக்குழாயைச் சுருங்கச் செய்து மூச்சுத்திணறலைத் தூண்டக்கூடும். ஒரு தொழிற்சாலை எவற்றை, எந்த அளவில் வெளியேற்றலாம் என்பது அதன் அனுமதி ஆணையில் குறிக்கப்பட்டிருக்கும். அந்நிபந்தனைகளைப் பார்வையிடப் பாதிக்கப்படுவோருக்குச் சட்டப்படி உரிமை உண்டு.

ஒருங்கிணைந்த அனுமதி என்றால் என்ன?

புகையிலுள்ள கந்தக டை ஆக்சைடை நீர் தெளித்துப் பிடித்தால், அது கழிவுநீராக மாறுகிறது. தோல் பதனிடும் ஆலையின் கழிவுநீரைச் சுத்திகரித்தால், குரோமியம் கலந்த கசடு எஞ்சுகிறது. காற்று, நீர், நிலம் ஆகியவற்றைத் தனித்தனியே கண்காணித்தால், மாசு ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்திற்கு நகருமேயன்றி நீங்காது. எனவே மூன்றையும் ஒருசேர ஆராய்ந்து நிபந்தனை விதிப்பதே ஒருங்கிணைந்த அனுமதி. ஐரோப்பிய ஒன்றியம் 1996-ஆம் ஆண்டு ஆணையின் வழியாக இம்முறையை ஏற்றது.

இந்தியாவில் நடைமுறை

இந்தியாவில் 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டம் ஆகியவற்றின் கீழ் மாநில மாசு கட்டுப்பாட்டு வாரியங்கள் இசைவாணை வழங்குகின்றன. அபாயகரமான கழிவுகளைக் கையாள, 2016-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் அங்கீகாரம் பெற வேண்டும். குஜராத், மகாராஷ்டிரா போன்ற மாநிலங்களில் இவை ஒரே ஆணையாக வழங்கப்பட்டு வருகின்றன. தனித்தனி ஆணைகள் உள்ள இடங்களில், அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் முழு விவரம் புலப்படும்.

நீங்கள் செய்யக்கூடியவை

• நீர்ச் சட்டத்தின் 25-ஆம் பிரிவும் காற்றுச் சட்டத்தின் 51-ஆம் பிரிவும் வாரியம் பதிவேடு பராமரிக்க வேண்டும் என்கின்றன. தமிழ்நாட்டில் மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தை அணுகலாம்.
• தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழும் ஆணையின் நகலைக் கோரலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் அளிக்கப்பட வேண்டும்.
• நாள், நேரம், புகை அல்லது நெடி, ஏற்பட்ட அறிகுறிகள், பயன்படுத்திய மருந்து ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். ஆணையில் உள்ள வேதிப்பொருட்களின் பெயர்களுடன் இக்குறிப்பையும் மருத்துவரிடம் காட்டுங்கள்.
• நிபந்தனை மீறப்படுவதாகக் கருதினால் வாரியத்திடம் எழுத்து மூலம் புகார் அளியுங்கள். ஆலையை மூடவும், மின் இணைப்பைத் துண்டிக்கவும் உத்தரவிட வாரியத்திற்கு அதிகாரம் உண்டு.
• இழப்பீடு கோரித் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். இதன் தென்மண்டல அமர்வு சென்னையில் உள்ளது. இழப்பீட்டிற்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

கவனத்தில் கொள்க

அருகில் ஆலை இருப்பதாலேயே நோய்க்கு அதுதான் காரணம் என்று முடிவு செய்ய இயலாது. ஆலை நிபந்தனைகளைக் கடைப்பிடித்தாலும், குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர், நுரையீரல் அல்லது இதய நோய் உள்ளோர் ஆகியோருக்குக் கூடுதல் பாதுகாப்பு தேவைப்படலாம். மருத்துவர் பரிந்துரைத்த மருந்துகளை நீங்களாகவே நிறுத்தாதீர்கள். கடும் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, உதடு நீலம் பாரித்தல், மயக்கம் ஆகியவை ஏற்பட்டால், புகார் நடவடிக்கைக்குக் காத்திராமல் உடனே 108 ஆம்புலன்ஸ் சேவையை அழையுங்கள்.